மாத்திரைக்கு மேல் ஒரு மூடி

ஜூன் 16, திங்கள்

காற்று. மேற்கே மலையில் மேகம், பாளையங்கோட்டைக்கு ஒரு தூறல் கிடையாது. காயப்போட்ட துணியெல்லாம் புழுதி.

அரிப்பு: உள்ளங்கை, கெண்டைக்கால், முதுகு. முதுகுக்குப் பழைய மர ஸ்கேல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓங்கியது, இப்போது எனக்கே.

ஈரலுக்குள் பித்தக்குழாய் பழுதாகும் வியாதி. விட்டால் ஈரல் இறுகிப்போகும் என்று மாத்திரை. தொடங்கி ஒரு வருஷம். கா. 8, இ. 8. இரண்டு வேளையும் வீட்டுக்காரர்தான் எடுத்துத் தருவார். விழுங்கியதும் மேலே ஒரு மூடி ரோஸ் கலர் வயிற்று மருந்து. "மாத்திர வயித்தப் புண்ணாக்கிரும், இது பூசி விட்டுரும்." மெடிக்கல் கடையில் முப்பது வருஷம் நின்றவர். எந்த மாத்திரை என்றாலும் மேலே ஒரு மூடி. தெருவே இவர் சொல்லைக் கேட்டுத்தான் குடிக்கிறது.

வியாழன் டாக்டர். வாங்க: சீயக்காய், தேங்காய் எண்ணெய், ஊக்கு.

ஜூன் 19, வியாழன்

ரத்தத்தில் ஈரல் என்சைம் அளவு இறங்கவே இல்லை. ஈரல் லேசாக இறுக ஆரம்பித்திருக்கிறதாம். போன வருஷம் அது இல்லை.

அல்சர் மருந்து ஏதாவது கூடக் குடிக்கிறீர்களா என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், "இல்ல டாக்டர். நாந்தான எடுத்துக் குடுக்கேன். வேற ஒண்ணும் கெடையாது."

நல்லது என்றார் டாக்டர். அந்த மருந்தில் இருக்கிற அலுமினியம் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த மாத்திரையே பித்த அமிலம்தான். இரண்டும் சேர்ந்தால் மாத்திரை உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். அது இல்லையென்றால் உங்களுக்கு இந்த மாத்திரை கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். செவ்வாய்க்கிழமை வாருங்கள், வேறு மருந்து எழுதுகிறேன். அதில் அரிப்பு இன்னும் கூடலாம்.

அடுத்தவர் முன்னால் இவரை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. ஆட்டோவில் வழிநெடுக ரோட்டுப் பள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஏழாம் வகுப்புக்குப் பித்தநீர் பாடம் எடுத்தவள் நான். பச்சை சாக்பீஸில் பித்தப்பை வரைவேன். ஒரு வருஷம் அந்த மூடியை வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறேன். எனக்கு எங்கே போயிற்று புத்தி.

ஜூன் 20, வெள்ளி

கா. 8. மாத்திரை மட்டும். மூடி இல்லை. அலமாரியில் பாட்டிலும் இல்லை.

பின்னால் வாழை மூட்டில் மண் ரோஸ் கலர். கொட்டியிருக்கிறார். வாழையிடம் சொல்ல முடிந்திருக்கிறது, என்னிடம் முடியவில்லை.

மத்தியானம் எதிர்வீட்டு அக்கா மூட்டுவலி மாத்திரையோடு வந்தாள். "மேல ஒரு மூடி ஊத்திக்கிடுங்க" என்றார் இவர். குரலில் ஒரு பிசிறு இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலில் எனக்காக ஜெபம். போதகரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஒங்க வீட்டுக்காரர மாரி யாரு பாத்துக்கிடுவா? நேரந்தவறாம மருந்து எடுத்துக் குடுக்காவ" என்றார். இவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். நானும் ஆமா என்றேன். பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பிட்ட பிறகு கேட்டேன்: "டாக்டர்ட்ட நெசத்தச் சொல்லிருவமா?"

பேப்பரை இறக்கவில்லை. "என்னத்தச் சொல்ல? ஊருக்கே மருந்து குடுத்தவன் பொண்டாட்டிக்குத் தப்பாக் குடுத்துட்டான்னா? பொறவு நான் எப்பிடிட்டி வெளிய தெருவ நடமாட?"

அவருக்கு நடமாட வேண்டும். எனக்கு ஈரல் வேண்டும். மீன்குழம்பு மிச்சம், பூனைக்கு.

ஜூன் 24, செவ்வாய்

தனியாகப் போனேன். பஸ். ரிப்போர்ட், பழைய சீட்டு, தண்ணீர் பாட்டில், குடை (வீண்). கூட வருகிறேன் என்றவரை வேண்டாம் என்றுவிட்டேன்.

சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஒரு வருஷமாகவா என்றார். புது மருந்து இப்போது வேண்டாம், மாத்திரையை மட்டும் மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், பிறகு ரத்தம் பார்ப்போம். இறுகினது இளகுமா என்று கேட்டேன். மேலே இறுகாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். இளகும் என்று சொல்லவில்லை.

யார் இதைச் சேர்த்துக் கொடுத்தது என்று கேட்டார். சொல்லத்தான் போனேன். வாயில் வேறு வந்தது.

வீட்டு கேட்டிலேயே இவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூட விடவில்லை. "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"யாரு குடுத்தான்னு கேட்டாரா?"

"கேட்டாரு. நானாத்தான் எடுத்துக் குடிச்சேன்னுட்டேன்."

மூச்சு விட்டார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. இந்த ஒரு வருஷத்தில் இவர் முகம் இவ்வளவு தெளிந்து நான் பார்க்கவில்லை. "நல்லவேளட்டி" என்றார். பையை வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான், நான் செருப்பைக் கழற்றும்போது, ஈரலுக்கு என்ன சொன்னார் என்று கேட்டார்.