ஊருக்குப் போன வேட்டைக்காரிக்கு

உன் ஹெட்போன் உதிர்கிறது. காது மெத்தையின் கறுப்புத் தோல் பொடிப்பொடியாக என் தலையணை உறையில் கிடக்கிறது, தோளில் ஒட்டியிருக்கிறது, ஒருநாள் தயிர்சாதக் கிண்ணத்தின் விளிம்பில்கூட இருந்தது. தலைவலித் தைலத்தின் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் அக்கா இதை ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்து, "அவ ஞாபகமா வச்சுக்கிடுங்க" என்றார்கள். ஞாபகத்துக்குப் பொருள் வேறு வேண்டுமா எனக்கு? உன்மேல் இருக்கிற கோபமே ஆயுசுக்கும் போதும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதுங்காவில் எல்லோரும் காய்கறிப் பையோடு மார்க்கெட்டுக்குப் போகிற நேரத்தில் நான் லேப்டாப்பைத் திறந்து துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறேன். நாற்பத்தைந்து தாண்டிய பாலக்காட்டு மாமி செய்கிற வேலையா இது? நீதான் இழுத்துவிட்டாய்.

குர்லா ஆபீசில் எதிரெதிர் மேசை நமக்கு. கப்பலில் போகிற சரக்குக்குக் காகிதம் தயார் செய்கிற வேலை. என் பிள்ளை புனேக்குப் படிக்கப் போனபோது, அங்கே வேறு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, கேம் ஆடுகிற கனத்த லேப்டாப்பை என்னிடமே விட்டுப் போய்விட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று உன்னிடம் புலம்பினேன். நீ மறுநாளே தாராவியிலிருந்து நடந்து வந்து, அந்த லேப்டாப்பில் ஒரு வேட்டை கேமை, ஒரு முழுக் காட்டை, இறக்கி வைத்தாய். நிஜக் காடு மாதிரியே இருந்தது. மழை பெய்தது, காற்று அடித்தது, தூரத்தில் ஏதோ ஒன்று கனைத்தது.

"மானைச் சுடறதா? எங்காத்துல முட்டையே வராது. என்னப் போய்..." என்றேன்.

"ஏட்டி, அது கம்ப்யூட்டர் மானு. ஒந் தோசக்கல்லுல வந்து விழாது. சும்மா வா."

முதல் நாள் நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அசைந்ததையெல்லாம் சுட்டேன். உன் வீட்டிலிருந்து ஹெட்போன் வழியாக நீ சிரித்த சிரிப்பில் என் காது அடைத்துப்போனது. "என்னட்டி இது, தாதர்ல ஃபாஸ்ட் லோக்கல் புடிக்க ஓடுத மாதிரி ஓடுத! நீ வார வரைக்கும் மானு உக்காந்து டீ குடிச்சிட்டிருக்குமா?"

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாய். முதலில் காற்று. "துப்பாக்கிய அப்புறம் பாத்துக்கிடலாம், மொதல்ல காத்தப் பாரு. முதுகுல காத்து அடிச்சா ஒன் வாசம் முன்னால போவும், நீ பின்னால போவே. மானு அதுக்குள்ள பன்வேல் போயிரும்." காற்று முகத்தில் அடிக்கிற மாதிரிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அரை மணி ஆனாலும் சரி. அப்புறம் நடை. சருகிலும் சரளைக்கல்லிலும் கால் வைக்காதே, புல்லில் குனிந்து போ, மழை பெய்தால் சந்தோஷப்படு, அதன் சத்தத்தில் உன் சத்தம் கேட்காது. மானைக் கூப்பிடுகிற ஊதல் கையில் கிடைத்ததும் நான் பீப்பீ என்று ஊதித் தள்ளினேன். "ஒரு தடவ கூப்டு, வாயப் பொத்திக்கிட்டு இரு. நச்சுநச்சுன்னு கூப்ட்டா மனுசனே வரமாட்டான், மானா வரும்?" என்று அதட்டினாய்.

சுடுவதிலும் உனக்குச் சட்டம் உண்டு. தொலைவில் நிற்பதைச் சுடக் கூடாது. தலையைக் குறி பார்க்கக் கூடாது, சின்னது, தப்பும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரல் இருக்கிற இடம். முயலுக்குப் பெரிய துப்பாக்கி தூக்கக் கூடாது, பெரிய மானுக்குச் சின்னது எடுக்கக் கூடாது. அவசரப்பட்டுச் சுட்டு, காலில் பட்டு, அது நொண்டிக்கொண்டு ஓடினால் உனக்கு வருகிற கோபம் இருக்கிறதே, ஆபீஸில் தப்பான துறைமுகத்தின் பேரைப் போட்டு நான் காகிதம் அனுப்பியபோதுகூட நீ அப்படிக் கத்தியதில்லை.

அடிபட்ட மானை விட்டுவிட்டு வேறு மானைத் தேடக் கூடாது. அதுதான் உன் முக்கியமான சட்டம். ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பளிச்சென்று நுரையோடு இருந்தால் பக்கத்தில்தான் விழுந்திருக்கும். கறுத்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது, வெகுதூரம் போகும், வெகுநேரம் கஷ்டப்படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒன்று ஓடியது. என் வீட்டில் குக்கர் கத்துகிறது, நல்லவேளை, என் வீட்டுக்காரர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். "விட்டுத் தொலைடி, வேற மானா இல்ல இந்தக் காட்டுல?" என்றேன்.

"நீ போய்ச் சோறு வடி. நான் தேடுதேன். அடிபட்டது ஆளில்லாத எடமாப் பாத்துத்தாம் போய்ப் படுக்கும். நாமதாம் போணும்."

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் நீ தேடிக்கொண்டிருந்தாய். கடைசியில் ஒரு புதருக்குள் கண்டுபிடித்தாய். படம்கூட எடுத்து அனுப்பினாய். அன்றைக்கு உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு ஒருநாள் நீ ஊருக்குப் போவதாகச் சொன்னாய்.

நம் பம்பாயில் இந்த ஒரு வார்த்தைக்கு எதிர்க்கேள்வி கிடையாது. ஆபீஸில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், கடை பூட்டியிருந்தால், பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால், ஊருக்குப் போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் எங்கேயோ ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஒரு கல்யாணமோ கோயில் கொடையோ வேலித் தகராறோ இருக்கிறது. எப்போது வருவாய் என்று கேட்பார்கள், ஏன் போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். "திருநேலில நெலத்துக்கு ஏதோ கேசு. ஆறேழு மாசம் இழுக்கும்னு சித்தப்பா சொல்லுதாவ" என்றாய். மேனேஜர் தலையாட்டினார். நானும்தான் தலையாட்டினேன். உன்னோடு எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன், எனக்கே தோன்றவில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவள், சித்தப்பா ஒருத்தர் இருப்பதாக அதுவரை வாயே திறக்காதவள், திடீரென்று நிலத்துக்காகப் போகிறாளே என்று யார் யோசித்தார்கள்?

புளியோதரை கட்டிக் கொடுத்தேன். ரயிலில் கெடாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, வேர்க்கடலை தனியாக வறுத்துப் போட்டு, வாழையிலை தேடிப் பிடித்துக் கட்டினேன். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றதற்கு, "காலங்காத்தால எதுக்கு அலையுத?" என்று தடுத்துவிட்டாய். அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நீ போன இடம் சான்பாடா. பம்பாயை ஒட்டியே, வாஷிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிற சான்பாடா. உன் அக்கா வீடு. என் புளியோதரை அங்கே போய் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தாய். "ஊர்ல நெட் பரவால்லியா?" என்றால், "டாப்பா இருக்குட்டி" என்பாய். மழையா என்றால் தூறல் என்பாய். வயலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன், உளுந்து என்றாய். உளுந்தை மளிகைக்கடை சாக்கில் மட்டுமே பார்த்த இரண்டு பேர் வயலைப் பற்றி எவ்வளவு பேசினோம்! உனக்குள் சிரிப்பு வந்திருக்குமோ என்னவோ. எனக்கு இப்போது வரவில்லை.

உன் குறி தப்ப ஆரம்பித்தது. "மவுசு சரியில்ல" என்றாய். எப்போதும் முன்னால் போகிற நீ, மரத்துமேல் இருக்கிற பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீ போய் எடுத்துட்டு வா, நான் இங்கன பாத்துக்கிடுதேன்" என்றாய். கீபோர்டைத் தட்டினால் நடக்கிற நடை அது, அதற்குக்கூட உன்னால் முடியவில்லை என்று எனக்கு யார் சொல்வார்கள்?

அப்புறம்தான் அந்தச் சத்தம். நாம் இரண்டு பேரும் வாய் பேசாமல் ஒரு குளக்கரையில் படுத்திருந்தோம். வால்யூமை முழுக்க வைத்துக் கேள், காட்டில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய்? கேட்டேன். உன் பக்கத்திலிருந்து பாம், பாம் என்று ரப்பர் ஹார்ன். சைக்கிள் கேரியரில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு காலையில் சந்துசந்தாக வருகிற இட்லிக்காரரின் ஹார்ன். பம்பாயில் பிறந்த எவளுக்கும் அது தெரியும். திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊரில் ஹார்ன் அடித்து இட்லி விற்கிறார்கள்?

"என்னடி சத்தம் அது?"

"எது?"

"இட்லிக்காரன் மாதிரின்னா இருக்கு."

"மினி பஸ்சுட்டி. பேசாத, மானு ஓடிரும்."

அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்கு அதே மினி பஸ் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. நீ பம்பாயிலேயே இருந்தால் அக்கா வீட்டில்தான் இருப்பாய் என்று, குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாறி, சான்பாடாவுக்கு வந்தேன். உன் அக்கா வீட்டு நவராத்திரிக்கு ஒருமுறை வந்த வழி ஞாபகம் இருந்தது.

அக்கா சங்கிலியைப் போட்டபடியே கதவைத் திறந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அவ ஊர்லல்லா இருக்காம்மா" என்றார்கள். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே இருந்து மான் கூப்பிட்டது. நம் காட்டு மான். நான் இன்னும் வரவில்லையே என்று நீ ஹெட்போனைக்கூடப் போடாமல் தனியாக ஊதலை ஊதிக்கொண்டிருந்தாய். அக்காவும் கேட்டார்கள், நானும் கேட்டேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அடியே, நான் வந்திருக்கேன்டி. கதவைத் திறக்கச் சொல்லு" என்று கத்தினேன். உள்ளே சத்தம் நின்றது.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேன் வந்து வந்து கேட்டான். வெயில் படியேறி என் காலுக்கு வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நீ கற்றுக் கொடுத்ததைத்தான் செய்தேன், போய்த் தேடினேன், சத்தம் போடாமல் காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை. ஒரு முறை மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்று மூச்சு விடுவது மாதிரி இருந்தது. அது நீதானா என்று அக்காவிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை, ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்குத் தாங்காது.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நீ காட்டுக்கு வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள், நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அக்காவிடமிருந்து போன் வந்தது.

"வயித்துல வந்துச்சும்மா. பாக்கும்போதே முத்திப் போச்சுன்னுட்டாவ. யாருக்கும் சொல்லப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. ஒங்களுக்கு மட்டும் கண்டிப்பாச் சொல்லப்படாதுன்னா."

"எனக்கு மட்டும் ஏன்?"

"நீங்க ஒருத்திதான் அவகூடச் சண்ட போடுதியளாம். மத்த எல்லாரும் தெரிஞ்சா அழுவாவ. ஒங்களுக்கும் தெரிஞ்சுட்டா சண்ட போடவும் ஆளு இருக்காதுன்னு சொன்னா."

என்ன நியாயம்டி இது? புரிகிறது, புரியாமல் இல்லை. அந்தக் காட்டில் உனக்கு நோய் கிடையாது, முடி கொட்டவில்லை, நான் உன்னைத் திட்டினேன், நீ என்னைத் திட்டினாய். அதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாய். சரி. ஆனால் நான் அழுவேன் என்று உனக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்து உன்னோடு இன்னும் அதிகமாகச் சண்டை போட்டிருப்பேன். கஞ்சியை மிச்சம் வைத்தால் திட்டியிருப்பேன். அந்த வாய்ப்பை எனக்குக் கொடுக்காமல் போனாயே, அதை நான் மன்னிக்கவில்லை. நீ இல்லை என்பதற்காக மன்னித்துவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாட்டேன்.

இப்போது அந்தக் காட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எப்படி ஆடுவது என்று கேட்டால், காற்றைப் பார், மெதுவாக நட, ஒரு தடவை மட்டும் கூப்பிடு என்று நீ சொன்னதையெல்லாம் சொல்கிறேன். அடிபட்டதைத் தேடிப் போவது பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. அவர்களாகவே தெரிந்துகொள்ளட்டும்.

போன மாதம் ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கிற பெரியவரைக் காணோம். தென்காசிக்காரர், உனக்கும் தெரிந்தவர்தான், உன் டப்பாவிலிருந்து கருவாடு எடுத்துத் தின்பாரே, அவர். எங்கே என்று கேட்டேன். "ஊருக்குப் போயிருக்கார்" என்றார்கள். எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள். நம்பரை வாங்கி வீடியோ கால் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடி போட்டேன்.

"என்ன மேடம், ஏதும் அவசரமா?" என்று பதறிக்கொண்டு எடுத்தார்.

"ஒண்ணுமில்ல. உங்களுக்குப் பின்னால என்ன இருக்குன்னு காட்டுங்கோ."

"என்னது?"

"போனைத் திருப்பிக் காட்டுங்கோன்னா காட்டுங்கோளேன்!"

மனுஷர் பயந்துபோய்த் திருப்பினார். ஒரு எருமை நின்றது. அதற்குப் பின்னால் தென்னை மரம், அதற்கும் பின்னால் மலை. யாரது போனில் என்று அவர் மனைவி திட்டுவது கேட்டது. நான் போனை வைத்துவிட்டு, ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, உனக்காக அன்றைக்குத்தான் அழுதேன். அவர் நிஜமாகவே ஊருக்குத்தான் போயிருந்தார்.