தேனு நிறுத்திய இடம்

ஐப்பசி 12, புதன்

காலையிலிருந்து தூறல். வடகம் காயவில்லை. மாடியில் போட்டதை இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவை போட்டு, முட்டி போனதுதான் மிச்சம். சர்க்கரை மாத்திரை போட்டாச்சு.

பேத்தி தேனுவுக்கு ஞாயிற்றுக்கிழமை வயலின் கச்சேரி. அவளும் அடுத்த தெரு ஷர்மியும் ஜோடியாக. இரண்டும் ஒன்பதாவது படிக்கின்றன. வயலின் சாரிடம் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கோயில் மண்டபத்தில் வாசிக்கிறார்கள். இவர்களுக்கு மூன்று பாட்டு. மழைக்குக் கம்பி தளர்கிறதாம். முறுக்குகிறாள், தளர்கிறது, திரும்ப முறுக்குகிறாள்.

மூன்று பாட்டும் எனக்கு மனப்பாடம். பெயர் தெரியாது. நான் படித்தது ஐந்தாவது. ஆனால் காதில் விழுந்தது போகாது. சமையல்கட்டில் முனகினால் தேனு கத்துவாள்: "அப்பத்தா, நீ எனக்கு முன்னாடி ஓடுற. நான் இன்னும் அங்க வரல!"

என் கல்யாணத்துக்கு யார் என்ன சேலை கட்டி வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். யார் என்ன பேசினார்கள் என்றும்.

சாயங்காலம் திருப்பத்தூரிலிருந்து போன். என் வீட்டுக்காரரின் தங்கச்சி தெய்வானை. புது வீடு கட்டிவிட்டாளாம், அடுத்த ஞாயிறு பால் காய்ச்சுகிறாளாம். என் மகன் செந்தில்தான் எடுத்துப் பேசினான். நான் வரமாட்டேன் என்றேன். அவள் மகள் சடங்கில் என்னைச் சபையில் வைத்துச் சிரிக்கவிட்டவள். அன்றைக்கு ஏறின பஸ். பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

செந்தில்: "ஆத்தா, அது நான் பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது."

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் நடக்காததாடா?"

போனைச் சார்ஜில் சொருகிவிட்டுப் போனான்.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில், பிறகு மழை. வடகம் ஒரு பக்கம் பூத்துவிட்டது. கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியவை: பச்சைப் பட்டுப் பாவாடை (இடுப்பு பிரிக்கணும்). உட்கார ஜமுக்காளம். வில்லுக்குத் தேய்க்கிற கட்டி. கை வேர்த்தால் துடைக்கத் துண்டு. மல்லிகை. சுக்குத் தண்ணீர். எனக்கு முதுகு சாயும் நாற்காலி, மருமகள் சுதாவிடம் சொல்லியாச்சு.

தேனு சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நடுவுல மறந்துட்டா என்ன செய்யிறது அப்பத்தா?"

"நான் முன்னாடிதானே உக்காந்திருப்பேன். என்னையப் பாரு. நான் எடுத்துக் குடுக்கிறேன்."

சிரித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். எனக்குப் பெருமைதான். எழுதுகிறேனே, பெருமைதான்.

ஐப்பசி 15, சனி

சார் வீட்டுக்குக் கடைசி வகுப்பு. வழக்கமாக நானும் போவேன். இன்றைக்கு முட்டி விடவில்லை. இரண்டு பிள்ளைகளும் நனைந்துகொண்டு வந்தன, பெட்டியை மட்டும் நனையவிடாமல். ஒரே குசுகுசு, சிரிப்பு.

"என்னடி?"

"சார் புதுசா ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்காரு. நாளைக்குப் பாரு அப்பத்தா."

ஷர்மி வாயைத் திறந்தாள். தேனு அவள் தொடையில் கிள்ளினாள்.

பால் திரிந்துவிட்டது. புதுப் பால்காரன் தண்ணீரில் பால் ஊற்றுகிறான்.

ஐப்பசி 16, ஞாயிறு

போனோம். வந்தோம். எழுத மனசில்லை.

ஐப்பசி 17, திங்கள்

மழை இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாரும் வெளியே வந்து கேட்கமாட்டார்கள். காய்காரி கேட்டுவிட்டாள்: "நேத்துக் கச்சேரியில நீங்களும் பாடினீகளாமே?"

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்த கூட்டம். நான் முன் வரிசை, தேனுவுக்கு நேர் எதிரே. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது அதைவிட. மூன்றாவது பாட்டு மேலே ஏறுகிற இடம். அங்கே நிற்காமல் ஏறணும், எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் வில்லைத் தூக்கினார்கள். தூக்கியபடி நின்றுவிட்டார்கள். சத்தமே இல்லை. மின்விசிறி மட்டும். தேனு கண்ணை மூடியிருந்தாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தேனே, எடுத்துக் கொடுக்கிறேன் என்று.

எடுத்துக் கொடுத்தேன். வாய்விட்டு. என் குரல் சின்னக் குரல் இல்லை.

ஷர்மி பதறிப்போய் என் குரலைப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தாள். தேனு அப்புறம். இரண்டும் இரண்டு பக்கம் போனது. பின்னால் ஒருத்தன், "ஆயாவுக்கும் ஒரு மைக் குடுங்கப்பா!" என்றான். மண்டபமே சிரித்தது. சார் கையமர்த்தி, திரும்ப முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். அந்த இடம் வந்தபோது நிற்காமல் ஏறிவிட்டார்கள், பழையபடி.

அந்த நிறுத்தம்தான் சார் சனிக்கிழமை சொல்லிக் கொடுத்த புதுசு.

வீட்டுக்கு வந்து தேனு சொன்னது ஒன்றே ஒன்று. "நான் மறக்கல."

பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நேற்று வரை வா, போ, நீ. இன்றைக்குக் காலையில், "காப்பி குடிச்சீகளா?" என்கிறாள். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

ஐப்பசி 19, புதன்

தூறல். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான். பெருக்கும்போது விளக்குமாறு இடித்தது. தூசி துடைத்து அங்கேயே வைத்தேன்.

யாரோ எடுத்த கச்சேரி வீடியோ போன் போனாக ஓடுகிறதாம். சுதா காட்டமாட்டேன் என்றாள். காட்டச் சொன்னேன். என் முதுகும் கொண்டையும்தான் தெரிகிறது. குரல் மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. சுருதி கூடத் தப்பவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

சாயங்காலம் ஷர்மி வந்தாள். கச்சேரியில் என்ன தோன்றியது என்று வகுப்பில் ஒவ்வொருத்தரும் சொல்லவேண்டுமாம், சார் உத்தரவு. பின்கட்டில் உட்கார்ந்து இரண்டும் பேசிப் பார்த்தன. நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்தது. மூடியிருக்கலாம்.

ஷர்மி: "எனக்கு மொதப் பாட்டுல கை நடுங்கி வில்லு தானாக் குதிச்சுச்சு. முன்னாடி ஒரு தாத்தா வாயத் தொறந்து தூங்கினாரா, அவரைப் பாத்ததும் பயம் போயிருச்சு. இதைச் சொல்லலாமாடி?"

"சொல்லு. சார் சிரிப்பாரு."

"நீ என்ன சொல்லப்போற?"

தேனு சொன்னாள். "மத்ததெல்லாம் சார் சொல்லிக் குடுத்தது. எவ்வளவு நேரம் நிக்கிறதுங்கிறத மட்டும் என்கிட்ட விட்டுட்டாரு. ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப எடுன்னாரு. வில்லத் தூக்கினதும் எல்லாரும் மூச்சப் புடிச்சுக்கிட்டாக, பாத்தியா? அம்புட்டுப் பேரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாக. அப்பத்தா அதப் புடுங்கிட்டாக."

"பாவம்டி, ஒனக்கு உதவணும்னுதான்..."

"எல்லாரும் நான் மறந்துட்டேன்னு நெனச்சுட்டாக. இனிமே எங்கயும் வாசிக்கமாட்டேன் போ."

கீரையில் காம்பை வைத்துக்கொண்டு இலையை எறிந்திருக்கிறேன். சுதா குப்பையிலிருந்து பொறுக்கினாள்.

ஐப்பசி 20, வியாழன்

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

தெய்வானை மறுபடி போன். செந்தில் எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்துவிட்டான், வேண்டுமென்றே. "மதினி, வீடியோ பாத்தேன். ஒங்க குரலு இன்னும் அப்படியே இருக்கு!"

குத்தலா, மெச்சலா? அவளுக்கு எப்போதும் இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் கேட்டாள், பால் காய்ச்சுக்குப் பிள்ளைகள் இரண்டும் வந்து வாசிக்குமா என்று. வாசிக்காது என்று சொல்ல நான் எழுந்தேன். தேனு முந்திக்கொண்டாள்.

"நான் வாறேன்."

செந்தில் அவளைப் பார்த்தான். "எங்கயும் வாசிக்கமாட்டேன்னியாமே?"

"அங்க வாசிப்பேன். அந்த வீட்டுக்கு அப்பத்தா வரமாட்டாகள்ல."

போனில் தெய்வானை, "கேக்குதா? கேக்குதா?" என்றாள்.

எனக்குக் கேட்டது.

ஐப்பசி 21, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. பகல் முழுக்கப் படுத்திருந்தேன்.

தெய்வானை மகள் சடங்கே ஞாபகம். அன்றைக்கு நான் கட்டியிருந்தது மாம்பழக் கலர். பந்தியில் அவியல் உப்புக் கம்மி. என்னைப் பாடச் சொன்னார்கள். எங்க அம்மா சொல்லிக்கொடுத்த நலுங்குப் பாட்டைப் பாடினேன். அம்மா செத்து ஆறு மாதம் கூட ஆகவில்லை. பாதிப் பாட்டில் அவளுடைய குரலே என் தொண்டைக்குள் வந்த மாதிரி இருந்தது. நிறுத்தினேன். கொஞ்சம் இருந்துவிட்டு எடுக்கலாம் என்று.

"மதினிக்கு மறந்துபோச்சு!" என்று சொல்லி அடுத்த வரியைத் தெய்வானை உரக்க எடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரரிடம், "நான் மறக்கல" என்றேன். "சும்மா வா" என்றார்.

தேனு சொன்னதும் அதே வார்த்தை. திங்கட்கிழமை இந்த டைரியில் எழுதும்போது கூட எனக்கு உறைக்கவில்லை. இவ்வளவு ஞாபகம் இருந்து என்ன?

தெய்வானையும் உதவத்தான் நினைத்தாளோ என்னவோ. இருந்தாலும் சிரித்தது சிரித்ததுதான். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள், முன்பல் தெரிய.

கோயில் மண்டபத்தில் நான் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஐப்பசி 22, சனி

நல்ல வெயில். பட்டுச் சேலையை உதறிப் போட்டேன். சுதா பார்த்தாள், கேட்கவில்லை.

பெட்டி கட்டிலுக்கு மேலே வந்திருக்கிறது. தேனு கம்பி முறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று கேட்டேன்.

"நாளைக்கு நானும் வரட்டுமா?"

தலையைத் தூக்கவில்லை. "அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்னு சொன்னீகள்ல?"

"சொன்னேன்."

"முன்னாடி உக்காரக் கூடாது."

"பின்னாடி, சமையக்கட்டு ஓரமா."

"வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கமாட்டேன்."

"நீங்க தொறப்பீக. ஒங்களுக்கே தெரியாமத் தொறந்துக்கிரும்."

உண்மைதான். ஆனால் அவள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. போகிறேன்.

ஐப்பசி 23, ஞாயிறு

இருட்டோடு கிளம்பி, குன்றக்குடி தாண்டும்போது விடிந்தது. வேன். பிள்ளைகள் இரண்டும் முன்னால், மடியில் பெட்டி. ஷர்மி மட்டும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

புது வீடு பெரிசுதான். கதவு தேக்கு. தரைக்கு வழவழவென்று கல், வயசானவர்கள் விழுந்து சாக. தெய்வானை வாசலுக்கே வந்துவிட்டாள். தலை முழுக்க வெள்ளை. "வாங்க மதினி, வாங்க. இப்பயாச்சும் வழி தெரிஞ்சுச்சே" என்றாள். வாய் மட்டும் நரைக்கவில்லை.

பால் பொங்கியது. பிள்ளைகள் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். நான் சொன்னபடி சமையல்கட்டு ஓரம். தாம்பாளத்தில் வெற்றிலை இருந்தது. பல் டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். எடுத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து, மடித்து, வாய் கொள்ளுமட்டும் திணித்துக்கொண்டேன். மூச்சு மூக்கு வழியாக மட்டும்.

தெய்வானை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இடமா இல்லை, அவ்வளவு பெரிய வீட்டில்.

மூன்றாவது பாட்டு. மேலே ஏறுகிற இடம். இரண்டு வில்லும் தூக்கி நின்றன. சத்தமே இல்லை. எங்கேயோ பால் பாத்திரம் ஒன்று உருண்டு நின்றது. தேனு இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கூட்டத்துக்கு மேலாக என்னைத்தான் பார்த்தாள்.

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம்.

"அடடா, பிள்ளைக்கு மற..."

என் கை போய்த் தெய்வானையின் வாயைப் பொத்தியது. நான் சொல்லிப் போகவில்லை, அதுவாகப் போனது. என் கைக்கு மேலே அவள் கண் இரண்டும் முழித்தன. தேனு இன்னும் கொஞ்சம் நிறுத்தினாள். சார் நினைத்ததைவிடக் கூடவே நிறுத்தியிருப்பாள். அப்புறம் எடுத்தாள்.

மேலே போனது பாட்டு. எனக்கு முதுகு சிலிர்த்தது. மண்டபத்தில் அத்தனை பேருக்கும் கிடைக்க வேண்டியது இது. நான்தான் கெடுத்தேன்.

கையை எடுத்தபோது தெய்வானை உதட்டில் சுண்ணாம்பு.

பந்தியில் அவள் பக்கத்திலேயே இலை. கேட்டுவிட்டேன். "ஒன் மக சடங்குல நான் பாதிப் பாட்டுல நிறுத்தினேனே, ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பாட்டு மதினி?"

மறந்துவிட்டாள். வேண்டுமென்று சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. இத்தனை வருசம் நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அவியல் இன்றைக்கும் உப்புக் கம்மி. சொல்லவில்லை.

திரும்பும்போது தேனு என் பக்கத்துச் சீட்டுக்கு வந்தாள். "அவுக வாயை ஏன் பொத்தின?"

"ஈ உக்காந்துச்சு."

சிரிக்கவில்லை, ஆனால் உதடு கோணியது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குன்றக்குடி மலை தெரிந்தது. மலையைப் பார்த்தபடியே நான் சொன்னேன்.

"தப்புத்தான் தேனு. நீ மறக்கல. நான்தான் பொறுக்கல."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இவளுக்கு நிறுத்தத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான் ஒன் பேத்தி அப்பத்தா. இதை மறக்கமாட்டேன்" என்றாள். பிறகு, "அடுத்த தடவையும் வா. வெத்தலையோட வா."