பத்தொன்பது படிக்கு ஒரு கையெழுத்து

கந்தர்வக்கோட்டை,
வியாழக்கிழமை.

மகன் சார்லஸுக்கு அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே மண்டபத்தில் நடந்த உங்கள் ராணுவ அகாடமிக்காரர்கள் கூட்டத்தில், நம் செவந்தி மகன் தமிழ்செல்வன் தன் கைத்தடியால் மேஜர் கவியரசனின் தாடையை உடைத்துவிட்டான். கவியரசன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டிக் கிடக்கிறான், தமிழ்செல்வன் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், எனக்கு இடது கையில் ஏழு தையல். உன் அம்மாவும் தங்கச்சி ஜாஸ்பினும் நலம், மாதா புண்ணியத்தில் உயிர் ஒன்றும் போகவில்லை, அந்த மலைக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன். சொன்னால் பாதியிலேயே சிக்னல் இல்லைப்பா என்று வைத்துவிடுவாய். இதை நீ கடைசி வரி வரைக்கும் படித்தே ஆக வேண்டும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு டின் முழு முந்திரிப் பருப்பு கொண்டுபோய்க் கொடுப்பவன் நான், பெற்றவர்கள் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. தமிழ்செல்வனும் உன்னோடு ஒரே நாளில் அகாடமிக்குள் போனவன்தானே, குளியலறையில் வழுக்கி விழுந்து காலும் இடுப்பும் போய்விட்டதென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் அவன் உங்கள் ஆளில்லை என்று ஆகிவிடுமா என்று கூட்டம் நடத்தும் கர்னல் பெரியண்ணனிடம் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருஷம்தான் அவர், சரி அண்ணாச்சி, கூட்டிட்டு வாங்க, அவனும் அந்த மண்ணுல ஓடுனவந்தானே என்றார். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு வேலை செய்தேன். உன் பீரோவைத் திறந்து உன் அகாடமி டையை எடுத்து நானே அவன் கழுத்தில் கட்டிவிட்டேன். அவன் வேண்டாம்ப்பா, இது பாஸ் அவுட் ஆனவங்க கட்டுறது என்று இரண்டு தடவை சொன்னான். அட சும்மா இருடா, துணிதானே என்றேன். துணி இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்.

கூட்டம் நன்றாகத்தான் போனது. உங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், ஆறு மாதம் முன்னால் வெளியே வந்தவன் சாகும்வரை சீனியர், அவன் உருளு என்றால் நரைத்த தலைக்காரரும் தரையில் தலைகுப்புற ஒரு பிரண்ட் ரோல் அடித்துவிட்டு சல்யூட் வைக்க வேண்டும். போன வருஷம் பெரியண்ணனே எண்பது வயது பிரிகேடியர் ஒருத்தர் சொல்லி உருண்டார், பெண்டுபிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இந்த வருஷம் பந்தி ஆரம்பிக்கும் நேரத்துக்குக் கொடும்பாளூர்க் கவியரசன் லீவில் வந்தவன், தன்னோடு அகாடமியில் படித்த செட்டுக்காரன் ஒருத்தனோடு உள்ளே வந்தான். உங்களுக்கு ஒரு வருஷம் மூத்தவனாமே. வந்தவன் கண் நேராக டை மேல் போனது. ஏய், பாஸ் அவுட் ஆகாதவனுக்கு என்னடா டை, கழட்டு, இல்லேன்னா சீனியர் சொல்றேன், ஒரு ரோல் அடிச்சிட்டு மாட்டிக்க என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். தமிழ்செல்வன், கால் மடங்காது சார், விட்டுருங்க என்றான். அதோடு விட்டிருக்கலாம். கவியரசனோ, அன்னைக்கும் இதத்தான் சொன்ன, அப்பறம் பத்தொம்பது படியும் உருண்டு போனேல்ல என்று சொல்லி டையைப் பிடித்து இழுத்தான்.

தமிழ்செல்வனின் முதல் அடி அவன் வாயில் விழுந்தது. அலுமினியத் தடி, கீழே இரும்புப் பூண் போட்டது, நான்தான் போன வருஷம் பட்டறையில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பல் இலையில் வந்து விழுந்ததை நான் பார்த்தேன், கூட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில். இரண்டாவது அடியில் தாடை போனது, காய்ந்த முந்திரிக் கொட்டையைக் கட்டையால் தட்டும்போது வருமே, அதே சத்தம். கவியரசன் மேசையோடு சாய்ந்தான், ரசவாளி கவிழ்ந்து பரிமாறிய பெண்ணுக்குக் கால் வெந்துவிட்டது. அதற்குள் அந்தச் செட்டுக்காரன் பின்னாலிருந்து வந்து, சரியாகத் தெரிந்தே, தமிழ்செல்வனின் கெட்ட காலில் பூட்ஸோடு மிதித்தான். விழுந்தவனை விலாவில் மறுபடி மறுபடி மிதித்தான். எனக்கு அறுபத்திரண்டு வயது, சைக்கிளில் முந்திரி மூட்டை கட்டித் தெருத்தெருவாகப் போன காலத்தில்கூட நான் யார் மேலும் கை நீட்டியதில்லை. அன்று இரும்பு நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். அவன் அதைப் பிடுங்கி என்மேல் வீசினான், தடுத்த கைதான் இது. பட்டாளத்து ஆட்கள் இருபது பேர் சேர்ந்து எங்கள் மூவரையும் பிரிக்க வெகு நேரம் ஆனது. வெள்ளைத் துணி விரித்த மேசை முழுக்க ரத்தமும் ரசமும். உன் டை தமிழ்செல்வன் கையில் சுருட்டியபடி இருந்தது, ஆஸ்பத்திரியில் விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

அப்போதுதான் அந்தச் செட்டுக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னான், எங்கள எதுக்கு மொறைக்கிறீங்க அங்கிள், அன்னைக்கு ஒங்க மகனும் பக்கத்துலதானே நின்னான், இவன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு மொதக் கையெழுத்துப் போட்டதே சார்லஸ்தான் என்று. அதுக்கு மேல் என்னை யாரும் அடிக்கத் தேவையில்லாமல் போனது.

மறுநாள் தமிழ்செல்வனிடமே கேட்டேன். ஓட்டப் போட்டியில் தோற்றதற்குத் தண்டனை என்று, மணல் பையை முதுகில் கட்டி, பன்னிரண்டு ஜூனியர்களை மைதானத்துக் கல்படியில் ஒவ்வொருத்தராக உருளவிட்டிருக்கிறான் கவியரசன். நீ ஐந்தாவது, தமிழ்செல்வன் ஆறாவது. பாதியிலேயே முழங்கால் போய்விட்டதாம், நிறுத்தாதே என்றதால் பத்தொன்பதும் முடித்திருக்கிறான். குளியலறையில் விழுந்ததாக மீதிப் பதினோரு பேரும் எழுதிக் கொடுத்தீர்கள், அவனும் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏன்டா நீயும் என்றேன். காட்டிக் கொடுத்தவன்னு பேரு வாங்கிட்டா திரும்பப் போயி அவங்களோட எப்படிப்பா ஓடுறது, குணமாயிரும்னு நெனச்சேன் என்றான். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவன் அம்மா செவந்தி நம் முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைத்த கையோடு, அந்தக் கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரலோடு, கட்டில் பக்கத்தில் நின்றாள். எட்டு வருசமா நான் அந்த வழுக்குற தரையத்தான் வஞ்சுக்கிட்டிருந்தேன் மொதலாளி என்றாள். உங்களை ரயில் ஏற்றிவிட்ட அன்று, எங்கவன் கூட இருக்கான், பாத்துக்குவான் என்று அவளிடம் சொன்னது நான். மூட்டையின் அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவாமல் ஒரு படி சரக்கு வாங்காதவன், குளியலறை என்று நீ சொன்னதை மட்டும் மேலோடு பார்த்து வாங்கிவிட்டேன். மகன் சரக்காயிற்றே.

இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், தடியால் எலும்பை உடைத்த கேஸ் என்றால் தமிழ்செல்வன் ஜெயிலுக்குப் போவான், அந்தக் காலோடு. இன்ஸ்பெக்டர் அவ்வளவையும் சொல்லிவிட்டு, அடிபட்டவர் எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு என்றார். அதனால் செவ்வாய்க்கிழமை பெரியண்ணனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். கவியரசனுக்கு வாய் திறக்க முடியாது, நோட்டும் பேனாவும் வைத்துப் பேசுகிறான். முதலில் கொலை முயற்சி என்று எழுதி அடிக்கோடு போட்டான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுதுங்க தம்பி, தாராளமா எழுதுங்க, எதுக்கு அடிச்சான்னு கோர்ட்ல மொதக் கேள்வி வரும், மண்டபத்துல நாப்பது பேரு ஒங்க வாயால பத்தொம்பது படின்னு கேட்டுட்டுத்தான் நிக்கிறோம் என்றேன். பெரியண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேஸ விட்டுட்டு, அந்தப் படியில நடந்தத நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க என்றேன். கவியரசன் மோசமான பயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அவனையும் அதே படியில் அவனுக்கு மூத்தவன் உருட்டியிருக்கிறான், அதையும் எழுதிக் காட்டினான். கடைசியில் ஒரு வரி எழுதினான்: சார்லஸ் கையெழுத்துப் போட்டால் நானும் போடுகிறேன். ஒருத்தனாக மாட்டிக்கொள்ள மாட்டானாம். அது நியாயம்தான்.

ஆக இப்போது எல்லாம் உன் கையில் வந்து நிற்கிறது. உண்மையை எழுதினால் உனக்குச் சங்கடம் உண்டு, விசாரணை வரலாம், பதவி உயர்வு தள்ளலாம், உன் செட்டுக்காரர்கள் பேசாமல் போகலாம். உன் அம்மா அதை நினைத்து அழுகிறாள், அழட்டும். அந்தக் காகிதத்தை வைத்து, தமிழ்செல்வனுக்குப் பயிற்சியில் பட்ட காயம் என்று திருத்தச் சொல்லி டெல்லிக்கு எழுதுவதாகக் கர்னல் சொல்கிறார், திருத்துவார்களா என்று அவருக்கே உறுதியில்லை. திருத்தாவிட்டாலும் செவந்தி தரையை வைவதை நிறுத்துவாள். உன்னை நான் வையவில்லை சார்லஸ். இருபது வயதில் பயந்திருப்பாய், எவனும் பயப்படுவான். இருபத்தெட்டு வயதில், தோளில் பட்டையோடு, அந்தச் சாக்கு செல்லாது.

காதை மூடாமல் வெளியே போகாதே, அம்மா அனுப்பிய கம்பளியை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. ஆவூர் கோயிலில் ஞாயிறு பூசைக்கு உன் பெயரையும் தமிழ்செல்வன் பெயரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறோம், மாதா உன் கைக்குத் தெம்பு கொடுக்கட்டும். கீழே இருப்பதை மட்டும் மறந்துவிடாதே, கர்னல் முன்னிலையில் பேசி முடித்தது இதுதான்.

கவியரசன் போலீஸில் எழுதிக் கொடுக்க மாட்டான், காலை மிதித்தவன் மேல் நாங்களும் எழுதிக் கொடுக்க மாட்டோம். அவரவர் ஆஸ்பத்திரிச் செலவு அவரவருக்கு, ரசத்தில் வெந்த பெண்ணுக்குப் பாதி பாதி. கூட்டத்தில் இனி யாரும் யாரையும் உருளச் சொல்வதில்லை. நடந்தது நடந்தபடி உன் கையால் எழுதிய காகிதம் முப்பதாம் தேதிக்குள் கர்னல் கைக்கு வர வேண்டும், அதன் கீழ் கவியரசன் கையெழுத்துப் போடுவான். வராவிட்டால் ஒன்றாம் தேதி அவன் புகார் கொடுப்பான், நான் தமிழ்செல்வன் பக்கம் சாட்சிக் கூண்டில் ஏறுவேன், முதல் கையெழுத்து யாருடையது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.

இதற்குச் சம்மதித்து உனக்கும் சேர்த்துக் கைகொடுத்து வந்த
உன் அப்பா,
சந்தனராஜ்.