வாலு எழுதிய நானூறு வரிகள்

மார்ச் 3, செவ்வாய்

இயங்குதளம் மறுபடியும் உறைந்துவிட்டது. சோதனை இயந்திரம் பன்னிரண்டு நிமிடம் ஓடி, அப்படியே நின்றது. கர்சர்கூடச் சிமிட்டவில்லை. பத்தொன்பது வருடமாக நிறுத்தி வைத்திருந்த நிரல் பகுதி ஒன்றைப் புதியவர்கள் ஓடவிட்டிருக்கிறார்கள். வாலு எழுதிய நானூறு வரிகள். வாலு என்பது என் பழைய தோழிக்கு, அவள் சேட்டைக்காக நான் வைத்த பெயர்.

"பழைய ஆளு பண்ணின கோளாறு. தூக்கிப் போட்டுடலாமா மேடம்?" என்றார் மேலாளர். வெள்ளிக்குள் சொல்கிறேன் என்றேன். ஏன் உடனே சரி என்று சொல்லவில்லை?

மார்ச் 4

அவள் எழுதியதைப் படித்தேன். எவ்வளவு சுத்தம்! அப்போது எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. நினைவகத்துக்கு ஒரு லாக், அதாவது பூட்டு; கோப்புக்கு ஒரு லாக். நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்தான் த்ரெட். ஒரு த்ரெட் பிடித்திருக்கும் லாக்கை அது விடும்வரை மற்ற த்ரெட் காத்திருக்க வேண்டும். இரண்டுமே தேவையென்றால் நினைவகம் முதலில், கோப்பு பிறகு. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. பக்கத்தில்தானே இருக்கிறோம் என்ற தைரியம். தட்டும்போதே வாய்விட்டுச் சொல்வோம்: "பிடிச்சுட்டேன்டி", "விட்டாச்சுடி." சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று பக்கத்து அறைக்காரர் புகார் செய்தார். அதைவிட நல்ல நாட்கள் எனக்கு வாய்க்கவே இல்லை.

மார்ச் 5

அந்த வருடமும் இப்படித்தான் உறைந்தது. அவள் பகுதியை நிறுத்தினோம், உறைவது நின்றது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "தப்பு இவ பக்கம்தான்" என்று சொன்னது நான். அவள் வாயே திறக்கவில்லை. ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். அதோடு பேச்சும் போயிற்று.

மார்ச் 6, வெள்ளி

அவள் வரிகளில் பிழையே இல்லை. நினைவகம் தீரும்போது மட்டும் ஓடும் என் பதினொரு வரிகளில், கோப்பு லாக்கை நான் முதலில் பிடித்திருக்கிறேன். அவள் த்ரெட் நினைவகத்தை வைத்துக்கொண்டு கோப்புக்குக் காத்திருக்கிறது. என்னுடையது கோப்பை வைத்துக்கொண்டு நினைவகத்துக்கு. இப்படி முட்டிக்கொண்டு நிற்க இரண்டு பேர் வேண்டும் — ஒருவரை வெளியே அனுப்பினால் உறைவது நிற்கத்தானே செய்யும்? யாரை அனுப்பினாலும் நின்றிருக்கும்! ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 7

மூன்று முறை அவள் எண்ணை அழுத்தி, மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பேசினேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"தெரியும்டி. அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"உனக்கு அப்போ ஏழாம் மாசம். மூச்சு வாங்கிட்டு நின்ன. அப்புறமா சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் நீ என்கிட்ட பேசவே இல்ல. எனக்கும் கோவம் வந்துடுச்சு."

அழுதேன். அவளும்தான்.

மார்ச் 11

என் வரிகளைத் திருத்தி அனுப்பினேன். பிழைக்குக் காரணம் என்ற இடத்தில் என் பெயர். "இதெல்லாம் போடணுமா மேடம்?" என்றார் மேலாளர். போட்டேன். நானூறு வரிகளும் அப்படியே இருக்கும்.

மார்ச் 12

எங்கள் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கருத்தும் எழுதலாம். காலையில் என் திருத்தத்தின் கீழே ஒரு குறிப்பு: "ஆறாவது வரியில ஒரே லாக்கை ரெண்டு தடவை விடுற. திருந்தவே மாட்டியாடி?"

மேலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு மேடம் இது?"

"என்கூட வேலை பாக்குறவ" என்றேன்.