சுறா எண்ணெய் பூசிய சுங்கான்

நண்பனே,

இன்று காலை ராயபுரம் கரையில் புதுப் படகு ஒன்றுக்குச் சுறா எண்ணெய் பூசினோம். சட்டியில் எண்ணெயைச் சூடாக்கி, தேங்காய் நாரால் பலகை பலகையாகத் தேய்த்தோம். முப்பது வருஷமாகப் படகுத் தச்சனாக இருப்பவனுக்கு அந்த எண்ணெயின் நாற்றம் மூக்கில் ஏறுவதே இல்லை. இன்று ஏறியது. நீ கண்ணை மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதனால்தானோ என்னவோ. வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன்னைப் போல ஒரு கிறுக்கனை இந்தத் துறைமுகம் கண்டதில்லை. நீ ஓட்டியது நீராவிக் கிரேன். அதன் மேல் உட்கார்ந்து பார்த்தால், கப்பல் தட்டில் வெள்ளைக்காரர்கள் மரச் சுங்கானை வாயில் கவ்விக்கொண்டு புகையிலை புகைப்பது தெரியுமாம். ஒரு நாள் எவனோ உடைந்த சுங்கானை வீசி எறிய, அதைப் பொறுக்கிக்கொண்டு நேரே என் பட்டறைக்கு வந்தாய். ரம்பத்தால் அதை நெடுக இரண்டாகப் பிளந்து, புகையிலை அடைக்கும் குழி எங்கே, புகை வரும் துளை எங்கே என்று ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாய். மறுநாளே மரம் தேடக் கிளம்பிவிட்டாய்.

காலடிப்பேட்டை விறகுத் தொட்டியில் நீ கட்டைகளைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதைப் பார்த்து, சமைக்கப் போகிறாயா கச்சேரி பண்ணப் போகிறாயா என்று தொட்டிக்காரர் கேட்டார். நீ அசரவில்லை. புளிய வேரின் கறுத்த வயிரத்தைப் பொறுக்கி எடுத்து, வேகவைத்து, மூன்று மாதம் நிழலில் உலர்த்தினாய். குடைக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டாய். காய்ந்த திருக்கை மீன் தோலால் தேய்த்து வழவழப்பாக்கினாய். எருமைக் கொம்பில் வாய்ப்பிடி செய்தாய். கிரேன் வேலை வயிற்றுக்கு, இது உன் சந்தோஷத்துக்கு.

இத்தனையும் செய்கிற உனக்குப் புகை ஆகாது. ஒரு இழுப்புக்கே தலை சுற்றி வாந்தி வரும். நம் பக்கத்து ஜனங்களுக்கோ சுருட்டையும் பீடியையும் விட்டால் வேறு தெரியாது. ஆகவே நீ செய்த அத்தனையையும் இழுத்துப் பார்க்க நான் ஒருவன்தான் அகப்பட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பாய்.

"ஈரம் கட்டுதா?"

துளை குழியின் அடியில் சரியாகப் போய்ச் சேராவிட்டால் புகையிலை நனைந்து உள்ளே கொடகொடக்கும். அது உனக்குப் பெரிய கவலை. நான் "பரவால்ல" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகத்துக்கு நேரே ஒருவனைப் புகழ எனக்கு வாய் கூசும். உனக்கும் அப்படித்தான்.

ஒரு நாள் நீயே சொல்லிவிட்டாய். "நீ சுருட்டு இழுக்கிறவன், உனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்ச ஆளு ஒருத்தன் சொல்லணும் நைனா. அப்பதான் நான் செய்யிறது வேலையா, வெட்டி வேலையான்னு தெரியும்." எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நீ சொன்னது நியாயம்.

அந்த ஆள் வந்தார். இயந்திரம் பழுதாகி இரண்டு வாரம் நின்ற கப்பலின் இஞ்சினியர். வெள்ளைக்காரக் கிழவர், விழித்திருக்கும் நேரமெல்லாம் வாயில் சுங்கான். அவருடையது பிளந்துபோய்க் கயிறு சுற்றியிருந்தது. நீ உனக்குத் தெரிந்த துறைமுக இங்கிலீஷில், நான் ஒன்று செய்து தருகிறேன் என்றாய். பதப்படுத்தி வைத்திருந்த கட்டைகளில் உயர்ந்ததை எடுத்தாய். ஒரு வாரம் உனக்கு வேறு பேச்சே இல்லை.

வாய்ப்பிடியை இறுக்கித் தரச் சொல்லி அதை என் பட்டறையில் விட்டுப் போனாய். இறுக்கிய பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உப்புக் காற்றில் போகப் போகிற மரம், வெடித்துவிட்டால் என்ன செய்வது என்று மனசு அடித்துக்கொண்டது. மரம் என்றால் என் கை எண்ணெய்ச் சட்டிக்குத்தான் போகும். உள்ளும் புறமும் சுறா எண்ணெயை ஊறப் பூசினேன். பளபளவென்று இருந்ததைப் பார்த்து எனக்கே பெருமை.

மறுநாள் மதியம் துறை மேடையில் அவர் அதை வாங்கி, புகையிலை அடைத்துப் பற்றவைத்தார். இரண்டாவது இழுப்பில் முகம் கோணியது. கருவாட்டை நெருப்பில் போட்டது போல் ஒரு நாற்றம். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எச்சிலைத் துப்பிவிட்டு, சுங்கானை உன் கையில் வைத்து, சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போல உன் தோளில் தட்டிவிட்டு ஏணியில் ஏறிப் போனார். நீ அதை முகர்ந்து பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நான்தான் பூசினேன் என்றேன். நீ கிரேனுக்குத் திரும்பிப் போய்விட்டாய்.

மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரம்மா என் வாசலில் வந்து நின்றார். "உளி, அரம் எல்லாத்தையும் கோணியில கட்டிப் பரண்ல போட்டுட்டாரு. வேலைக்கும் போவல. நீ வந்து இன்னான்னு கேளுண்ணா." நான் வந்து கேட்டால் நீ பேசவா போகிறாய்? உன்னைத் தெரியாதா எனக்கு?

மறுநாள் காலை என் சுங்கானைக் கையில் எடுத்தேன். நீ எனக்கென்று செய்தது, இரண்டு வருஷம் இழுத்துப் பழக்கியது. அதைக் கிழவரிடம் கொடுத்து, தப்பு என்னுடையது, இதை இழுத்துப் பாருங்கள் என்று சொல்லப் போனேன். திரும்பி வந்து உன்னிடம் நான் சொன்னது உனக்கு மனப்பாடம். அந்தக் கப்பலில் வேலை பார்த்த நம் ஊர் லஸ்கர் ஒருவன் மொழிபெயர்த்தான் என்றும், கிழவர் கடைசிவரை இழுத்தார் என்றும் சொன்னேன். "நாக்கைச் சுடல, ஈரம் கட்டல, இவ்ளோ பொறுமையான கை எந்த ஊர்ல வேலை கத்துக்கிச்சுன்னு கேட்டாரு. குடுக்க மனசில்லாம எடுத்துக்கினே போய்ட்டாரு" என்றேன். அன்று மாலையே கோணி பரணிலிருந்து இறங்கியது.

அதற்கப்புறம் பதினைந்து வருஷம் செதுக்கினாய். கிழவர் சொன்னதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னாய். மகள் கல்யாணப் பந்தலில் சம்பந்தியிடம் சொன்னாய். படுக்கையில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊரில் கற்றான் என்று கேட்டாராமே என்று சிரித்தாய்.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஏணியை எடுத்துவிட்டார்கள். கப்பல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சுங்கானோடு திரும்பி வந்தால் உன் கோணி அவிழாது என்று தெரியும். கரையோரக் கருங்கல்லின் மேல் நின்று அதைக் கடலில் போட்டேன். அவ்வளவு நல்ல சுங்கான் பிறகு எனக்கு வாய்க்கவில்லை, நீ செய்து தந்ததிலும்கூட.

பொய் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. இன்னொரு முறை வாய்த்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒன்று மட்டும் இத்தனை வருஷமாக என் நெஞ்சிலேயே கிடக்கிறது. நாக்கைச் சுடவில்லை என்று எந்தக் கிழவரும் சொல்லவில்லை, நண்பா. இரண்டு வருஷம் இழுத்துப் பார்த்தவன் சொன்னான்.