கவிழ்த்து மாட்டிய ஸ்டியரிங்

22 ஆகஸ்ட் 2009, சனி

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்குப் பிடிக்காததையும் சேர்த்து. செப்டம்பர் ஏழாம் தேதியிலிருந்து சமோவா நாடு முழுவதும், இத்தனை நாள் ஓட்டிய வலப்பக்கத்தை விட்டு, சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். எங்கள் பிக்கப்பின் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருக்கிறது. முந்தும்போது எதிரே வருவது தெரியாது. அதை வலப்பக்கம் மாற்ற அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் டார்ச் பிடித்தேன். ஸ்டியரிங் தண்டின் முனையில் குட்டிப் பல்சக்கரம் இருக்கிறது, பெயர் பினியன். அது சுழன்று, குறுக்கே கிடக்கும் பல்வெட்டிய கம்பியைத் தள்ளுகிறது. அந்தக் கம்பிதான் ரேக். அது நகர்ந்தால் முன்சக்கரங்கள் திரும்புகின்றன. சுழற்சி நேர்கோடாகிவிடுகிறது! எவ்வளவு அழகு.

24 ஆகஸ்ட்

வேறு ரேக் கிடைக்கவில்லை. பழையதையே கவிழ்த்து, பினியன் வலப்பக்கம் வரும்படி மாட்டிவிட்டார். இப்போது இடப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் போகிறது. கம்பியைக் கவிழ்த்தால் அது ஓடும் திசையும் கவிழும்தானே. படம் வரைந்து காட்டினேன்.

பெனி மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், இது வண்டியா, நண்டா?"

"நாடே பக்கம் மாறுது. நான் கையை மாத்திக்க மாட்டேனா? போடா!" என்றார் அப்பா.

5 செப்டம்பர்

அப்பா பழகிவிட்டார். அவரைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது. அதில் அவருக்குப் பெருமை. எனக்குப் பயம்.

9 செப்டம்பர்

அப்பாவின் பாதத்தில் ஆணி குத்திய புண். சர்க்கரை வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "சும்மா இரு லூபே" என்கிறார்.

12 செப்டம்பர், சனி

பாதம் கறுத்துவிட்டது. காய்ச்சலில் பிதற்றுகிறார். பஸ்கள் ஓடவில்லை, அவற்றின் கதவுகள் இப்போது நடுரோட்டில் திறக்கின்றன. ஊரின் இன்னொரு வண்டி கடல் தாண்டி, தலைநகர் அபியாவில். மாமா எங்கள் பிக்கப்பை எடுத்தார். முதல் வளைவிலேயே கல்சுவரில் முட்டினார். மறுபடி எடுத்தார், மறுபடி முட்டினார். "கை கேக்க மாட்டேங்குதும்மா!" என்று அழுதார். அம்மா நியூசிலாந்தில். யாரைக் கூப்பிடுவேன்?

13 செப்டம்பர், ஞாயிறு

நான் ஓட்டினேன். வாழ்க்கையில் முதல்முறை. மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் என் கைகளுக்கு இல்லையே. மாமா கியரைப் போட்டு, பிரேக் எது என்று சொன்னார். அவர் "இடது, இடது!" என்று கத்தும்போதெல்லாம் நான் வலப்பக்கம் திருப்பினேன். துவாசிவி ஆஸ்பத்திரி வரை நடக்கிற வேகம்தான்.

டாக்டர் சொன்னார்: "நேத்தே கொண்டுவந்திருந்தா பாதத்தோட போயிருக்கும்."

நேற்று – நேற்று நான் சும்மா நின்றேனே! ஏன் தோணல எனக்கு? படம் வரையத் தெரிஞ்சுது, இது தெரியலையா?

15 செப்டம்பர்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்பா போர்வையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"யாரு ஓட்டிட்டு வந்தது?"

"நான்."

"வளைவுல திணறுச்சா?"

"இல்லப்பா."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நான் அவர் முதுகில் கை வைத்திருக்கிறேன். ஒரு கையால்தான் எழுதுகிறேன். வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.