பூசையில் வாசிக்க ஒரு பெயர்

சனிக்கிழமை, இரவு

இல்லை, அவன் சாகவில்லை. ராணிப்பேட்டையில் மனைவியோடு நன்றாக இருக்கிறான். என்னைக் கைவிட்டான் என்று எழுதக் கூசியது. கவிதையில் அவனைச் சாகடித்துவிட்டேன்.

பத்திரிகையில் வந்த அந்தக் கவிதையை இன்று ஸ்டெல்லா அக்கா படித்தாள். ஷூ கம்பெனி ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை. அவள் கணவர் இறந்து நாளையோடு ஒரு வருடம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு வார்த்த சொல்லலியேடி! அந்தப் பையன் பேரு இன்னா? நாளைக்கு எங்க வூட்டுக்காரருக்குப் பூச வெச்சிருக்கேன். சாமியார் அவன் பேரையும் சேத்து வாசிக்கட்டும்."

"வேணாங்க்கா."

"சும்மா இரு. ஜெபத்துல இன்னா ஜாஸ்தி கம்மி?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "படிக்கும்போது எங்க வூட்டுக்காரரு பக்கத்துல வந்து நின்னா மாதிரி இருந்திச்சி" என்றாள். என் கவிதையை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. அதை இழக்க மனம் வரவில்லை. அவன் பெயரைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அவளுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடி, அழுவுறியா?" என்றாள்.

காலையில் நானும் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டேன்.